உங்களுக்குத் தெரியுமா? கிரின்ஸ்டெட் – சென்னை எவ்வளவு தூரம்?

டென்மார்க்கின் யூலாந்து தீபகற்பத்தில் உள்ள கிரின்ஸ்டெட், சுமார் பத்தாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். ஒரு காலத்தில் ரயில் சந்திப்பாக இருந்தது. இன்று பயணிகள் ரயிலே கிடையாது. ஆனால் காரில் கால் மணி நேரம் போனால் சர்வதேச விமான நிலையம்! பக்கத்து ஊரான பில்லுண்டில் லெகோ பொம்மை நிறுவனம் சொந்த உபயோகத்துக்கு ஓர் ஓடுபாதை போட்டது. அதுவே 1964 நவம்பரில் பொது விமான நிலையமானது.

பில்லுண்டிலிருந்து சென்னைக்கு மிகக் குறுகிய வான்வழி சுமார் 7,630 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் எட்டரை மணி நேரம். நேரடி விமானம்தான் இல்லை.

பிராங்க்பர்ட்டில் விமானம் மாறலாம். இங்கேதான் வேடிக்கை. பில்லுண்டிலிருந்து தெற்கே 640 கி.மீ. பறந்து அங்கே இறங்கினால், சென்னை இன்னும் சுமார் 7,590 கி.மீ. தள்ளி இருக்கிறது! அவ்வளவு பறந்தும் நெருங்கியது நாற்பது கிலோமீட்டர்தான். காரணம் இதுதான்: தட்டை வரைபடத்தில் சென்னை தென்கிழக்கில் தெரிகிறது. ஆனால் உலக உருண்டையில் பில்லுண்டுக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள்: பில்லுண்டில் ஏறக்குறைய நேர் கிழக்கே கிளம்பி, போகப் போகத் தெற்கே சாயும். பில்லுண்டின் ஓடுபாதைகூடக் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது. சென்னையை நினைத்துப் போட்டதல்ல, மேற்குக் காற்றுக்காக!

அந்த நூல் உக்ரைன், தெற்கு ரஷ்யா, காஸ்பியன் கடல், ஆப்கானிஸ்தான் மேலாகப் போகும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களை விடுவதில்லை. ஆக, நேரடி விமானம் விட்டாலும் சுற்றித்தான் வர வேண்டும்.

டென்மார்க் கடிகாரம் நம்முடையதைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கி ஓடும். ஊருக்குப் போன் போடுகிறவர்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விமானம் இல்லாத காலத்தில் இதே பயணம் எவ்வளவு நீண்டது? ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. ஏழு மாதத்துக்கும் மேல்!

இன்று கிரின்ஸ்டெட் பக்கம் தமிழர்களும் வாழ்கிறார்கள். கிரின்ஸ்டெட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பிராண்டெ என்ற ஊரில் அபிராமி அம்மன் கோவில் உண்டு. இந்தப் பக்கத்து ஈழத் தமிழர்களுக்கு 'ஊர்' என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம். பில்லுண்டிலிருந்து வானில் அது சுமார் 7,900 கி.மீ. கொழும்பில் இறங்கினால், அதற்குப் பிறகு சாலையில் 400 கி.மீ. பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். 2019-இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறந்த பிறகு, சென்னையிலிருந்து சிறிய விமானத்தில் ஏறினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் யாழ்ப்பாணம்.