கமரா காணாத மூட்டு

பாய்ந்து பந்தைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் இறங்குவது, இறங்கிய இடத்திலேயே திரும்பி எறிவது என்று வலைப்பந்து மைதானத்தில் நாம் செய்யும் அத்தனைக்கும் மையமாக இருப்பது இடுப்பு மூட்டு. இடுப்பு வளையத்திலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் தொடை என்பின் உருண்டைத் தலை பொருந்தியிருக்கிறது. அதனால் நமது கால் முன்னும் பின்னும் மடிகிறது. பக்கவாட்டில் விரிந்து ஒடுங்குகிறது. உள்ளும் புறமும் திரும்புகிறது. இம்மூன்று அசைவுகளையும் பாகைக் கணக்கில் அளந்து தரும் தொழினுட்பத்தை அசைவுப் பதிவு என்கிறார்கள். உயர்தர உயிரியல் பிரிவில் கற்கும் நான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என்னுள் எழுந்த கேள்வி ஒன்றுதான். வளர்ந்துவரும் ஒரு விளையாட்டு வீராங்கனையின் இடுப்பைப் பற்றிக் கணினித் திரை காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் அளக்கும் முறையைப் பார்ப்போம். ஒளியைத் தெறிக்கச் செய்யும் சிறு உருண்டைகளை வீராங்கனையின் இடுப்பிலும் தொடையிலும் காலிலும் ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள கமராக்கள் செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசி, செக்கனுக்கு நூறு, இருநூறு தடவை அவ்வுருண்டைகளைப் படமெடுக்கும். ஓர் உருண்டையைக் குறைந்தது இரண்டு கமராக்கள் கண்டால் அது வெளியில் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கணித்துவிடும். இந்தச் சிந்தனை பழையது. 1890களில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உடற்கூற்றியலாளர் பிரவுணேயும் கணிதவியலாளர் பிஷரும் ஒரு படைவீரரின் உடலில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருளில் நடக்கவைத்துப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களிலிருந்து கையாலேயே கணக்கிட்டார்கள். இன்றைய நல்ல ஆய்வுகூடத்தில் உருண்டையின் இடத்தை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வழுவுடன் அறியலாம்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? கமரா காண்பது உருண்டையை மட்டுமே. என்பை அது காண்பதில்லை.

முழங்காலின் இரு பக்கத்தையும் விரலால் தொட்டு அதன் நடுவை ஓரளவு கணித்துவிடலாம். இடுப்பு மூட்டின் மையமோ தசைக்குள் ஆழப் புதைந்திருக்கிறது, தொட முடியாது. ஆகவே இடுப்பின் முன்புறத்தில் தட்டுப்படும் இரு என்பு முனைகளுக்கு இடையிலுள்ள தூரம் போன்ற அளவுகளைக் கொண்டு, ஒரு சூத்திரத்தால் மையத்தை மதிப்பிடுகிறார்கள். எல்லா உடலுக்கும் ஒரே சூத்திரம் பொருந்துமா என்பது முக்கியமான வினா. 2007இல் ஹரிங்டனும் அவரது குழுவினரும் பெரியவர்களோடு சிறுவர்களையும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து, மூட்டின் உண்மையான மையத்தோடு இச்சூத்திரங்களை ஒப்பிட்டது இதனால்தான். மதிப்பிட்ட மையம் விலகினால் தொடையின் அச்சும் விலகும். அந்த அச்சிலிருந்து கணிக்கப்படும் முழங்கால் கோணமும் விலகும்.

இரண்டாவது பிரச்சினை தோல். ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். எழுந்து நின்று, தொடையின் மேற்பகுதியில் வெளிப்புறமாகத் தட்டுப்படும் என்பின் மீது விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, காலை உள்ளும் புறமும் திருப்புங்கள். கெட்டியான என்பு உங்கள் விரலின் கீழே நழுவுவதை உணர்வீர்கள். தோல் அந்த அளவுக்கு நகர்வதில்லை. உருண்டை ஒட்டப்படுவது தோலில்! தன்னார்வலர்களின் என்புக்குள்ளேயே உருக்கு ஊசிகளைச் செலுத்தி ஒப்பிட்ட ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. தொடைத் தோலிலுள்ள உருண்டை என்பை விட்டுச் சில சென்ரிமீற்றர் வரை விலகக்கூடும் என்று தெரியவந்துள்ளது. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது காலின் உள், வெளித் திருப்பத்தை அளப்பதுதான்.

மூன்றாவது, உருண்டைகளை ஒட்டும் கை. இன்று ஒட்டிய அதே இடத்தில் ஆறு வாரம் கழித்து ஒட்டுவது எளிதன்று. 2007இல் ஃபோர்ட், மையர், ஹியூவெற் ஆகியோர் இளம் விளையாட்டாளர்களைப் பாய்ந்திறங்கச் செய்து, சில வாரங்களின் பின் மீண்டும் அளந்தனர். ஒரே நாளில் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று நன்கு ஒத்திருந்தன. வெவ்வேறு நாட்களில் எடுத்தவற்றின் ஒற்றுமை குறைந்தது. 2009இல் மக்கின்லியும் சகாக்களும் நடை அளவீடுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பெரும்பாலான கோணங்களில் வழு 5 பாகைக்கு உட்பட்டிருந்தது. இடுப்பினதும் முழங்காலினதும் திருப்பக் கோணங்கள் மட்டும் அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. வழு 2 பாகைக்குள் இருந்தால் ஏற்கலாம், 5 பாகையைத் தாண்டினால் அந்த எண்ணைக் கொண்டு முடிவெடுப்பது ஆபத்து என்பது அவர்கள் கருத்து.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவோம். ஓர் அளவீட்டின் நியம வழு 3 பாகை என வைத்துக்கொள்வோம். இருமுறை அளந்து, உண்மையிலேயே மாற்றம் ஏற்பட்டதா என அறிய, நியம வழுவை ஏறத்தாழ 2.77ஆல் பெருக்குவார்கள். விடை 8 பாகைக்குச் சற்று மேல். ஆகவே ஆறு வாரப் பயிற்சியின் பின் ஒரு மாணவியின் இடுப்புக் கோணம் 5 பாகை மாறியதாகத் திரை காட்டினால், அவள் முன்னேறிவிட்டாள் என்றோ பின்தங்கிவிட்டாள் என்றோ சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. பூச்சிய வழுவுள்ள வேணியர் இடுக்கிமானி ஒவ்வொரு முறையும் ஒரே வாசிப்பைத் தரும். ஆனாலும் அது பிழையான வாசிப்பே. திரும்பத் திரும்ப ஒரே எண் வருவது நம்பகம். அந்த எண் உண்மையைச் சொல்வது தகுதி. இரண்டும் வேண்டும். 2005இல் அமெரிக்காவில் ஹியூவெற் குழுவினர் 205 இளம் வீராங்கனைகளைப் பருவகாலத்துக்கு முன்னரே அளந்தனர். பின்னர் முழங்காலின் தசைநார் கிழிந்த ஒன்பது பேருக்கு, இறங்கும்போது முழங்கால் உட்சாயும் கோணம் மற்றவர்களைவிடச் சுமார் 8 பாகை கூடுதலாக இருந்தது. ஆனால் நோர்வேயில் 700க்கும் மேற்பட்ட வீராங்கனைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, 2016இல் வேறு முடிவைத் தந்தது. யாருக்குக் காயம் வரும் என இச்சோதனையால் முன்கூட்டியே பிரித்தறிய இயலவில்லை.

எம்மைப் போன்ற மாணவிகளுக்கு உருண்டை ஒட்டும் முறையில் மற்றொரு சங்கடமும் உள்ளது. உருண்டைகள் தோலிலோ உடலோடு ஒட்டிய உடையிலோதான் நிற்க வேண்டும். உருண்டையின்றிச் சாதாரண வீடியோவிலிருந்து கணினியே மூட்டுகளை இனங்காணும் புதிய முறை இதற்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. ஆயினும் 2021இல் பெரியவர்களை நடக்கவைத்து இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, ஏனைய மூட்டு மையங்களில் வேறுபாடு 2.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்க, இடுப்பில் மட்டும் அது 3.6 சென்ரிமீற்றராக இருந்தது. நாம் அணியும் தளர்வான விளையாட்டுடையில் பாய்ந்திறங்கும்போது என்னவாகும் என்பதைத் தனியே சோதித்தே நம்பவேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்யக்கூடாது என்பது மத்ரஸாவில் நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். அது கடைத்தெருத் தராசுக்கு மட்டும் உரியதென நான் நினைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையை அணியிலிருந்து நிறுத்தவோ, காயமாறியவளை மீண்டும் மைதானத்தில் இறக்கவோ ஓர் எண்ணைக் காரணம் காட்டுவோருக்கும் அது பொருந்தும். அத்தகைய அறிக்கை உங்கள் கையில் கிடைத்தால் மூன்று வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். அளந்தவர் முன்பு அளந்த அதே ஆளா? இந்த அளவீட்டின் வழு எத்தனை பாகை? காட்டப்படும் மாற்றம் அந்த வழுவைத் தாண்டுகிறதா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் அந்த எண்ணைப் பற்றிப் பேசலாம்.