இனிப்பும் பற்சொத்தையும்

ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இருந்த விபெஹோல்ம் மருத்துவமனையில் அறிவு வளர்ச்சி குன்றியோர் வைத்துப் பேணப்பட்டனர். 1945-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய ஆராய்ச்சியே, இடைவேளைத் தின்பண்டத்தைப் பற்றி ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறும் அறிவுரைக்குப் பெரிதும் ஆதாரமாகும்.

436 நோயாளிகள் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். சிலர் சர்க்கரையை உணவுடன் மட்டும் பெற்றனர். வேறு சிலருக்கோ, பல்லில் நெடுநேரம் ஒட்டிக்கொள்ளும் டாஃபி மிட்டாய், நாளொன்றுக்கு 24 வரை, உணவு வேளைகளுக்கு இடையே அளிக்கப்பட்டது. முடிவுகள் 1954-இல் வெளியாயின. உணவுடன் உண்ட சர்க்கரை, அளவில் மிகுந்திருந்தும், சிறிதே தீங்கிழைத்தது. இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்போ சொத்தையைப் பன்மடங்கு பெருக்கிற்று. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலத்தை உமிழ்நீர் தணிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லும். அதற்குள் மீண்டும் இனிப்பு வருமாயின், பல்லின் எனாமல் தன் சுண்ணச்சத்தை இழந்துகொண்டே இருக்கும்.

நோயாளிகளின் இசைவு பெறப்படவில்லை. மறுத்துரைக்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. அவர்கள் இழந்த பற்களோ மீள முளைப்பவை அல்ல. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்னும் ஸ்வீடன் வழக்கம் இவ்வாறு பெற்ற அறிவிலிருந்தே பிறந்தது.

இத்தகைய குழந்தைகள் பல்வலியை வாய்விட்டுக் கூற இயலாதவர்களாக இருக்கலாம். உணவை ஒதுக்குதல், கன்னத்தை அடிக்கடி தொடுதல், காரணமின்றிச் சினத்தல் ஆகியவற்றைக் கண்டால், பிடிவாதம் என்று கடிந்துகொள்ளுமுன் வாயைத் திறந்து பார்த்தல் வேண்டும். இரவில் ஊட்டும் மருந்துப் பாகிலும் சர்க்கரை இருத்தல் கூடும்.