வெறியும் வீதியும்

விடுமுறைக் காலம் பிறந்தால் தீவகம் நிறைந்துவிடுகின்றது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நயினை நாகபூஷணி அம்மன் உற்சவம் என்று நாள்கள் வர, கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பழைய மாணவர் பலர் ஊர் திரும்புகின்றனர். நண்பர் கூடுமிடத்து விருந்து நடக்கின்றது. சில வீடுகளிற் போத்தலும் திறக்கப்படுகின்றது. குடியின் தீமையை வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்னும் 93ஆம் அதிகாரத்தில் உரைத்துவிட்டார். குடித்தபின் வாகனம் செலுத்துவது பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

முன்னாளில் வெறித்தவன் வண்டியில் உறங்கிவிட்டாலும் மாட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. மோட்டார் வாகனத்துக்கு அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். மதுசாரமோ கை கால்களைத் தளர்த்துமுன்பே தீர்மானிக்கும் அறிவைக் கெடுக்கின்றது. ஆகவே, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி எழுபவரையே நாம் பெரிதும் அஞ்சவேண்டும்.

1936ஆம் ஆண்டிலேயே நோர்வே நாடு, வாகனம் செலுத்துவோரின் இரத்தத்தில் இருக்கத்தக்க மதுசாரத்துக்குச் சட்டத்தால் எல்லை வகுத்தது. 1954இல் போக்கன்ஸ்ரைன் என்னும் அமெரிக்கர் மூச்சைக் கொண்டு அதனை அளக்கும் கருவியை அமைத்தார். இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது நெடுங்காலம் சட்டம் கொண்ட எல்லை. ஆயினும் ஆபத்து அவ்வெல்லைக்கு வெகு முன்னரே தொடங்கிவிடும்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஈரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவையே குறைக்க வல்லது. மோரும், தேசிக்காய்ச் சாறும், கோப்பியும், கிணற்றுக் குளிப்பும் அதனை விரைவுபடுத்தா. நள்ளிரவில் 180 மில்லிகிராம் உடையவர், உறங்கி எழுந்து காலை ஆறு மணிக்குப் படகு பிடிக்கக் குறிகட்டுவானுக்குப் புறப்படும்போதும் 90 மில்லிகிராம் அளவில் இருப்பார். தாம் தெளிந்துவிட்டதாகவே எண்ணுவார்.

அவர் செல்லும் பாதை எத்தகையது? பண்ணையிலிருந்து வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் செல்லும் வீதி இடையிடையே கடலை ஊடறுத்துப் போகின்றது. அவ்விடங்களில் இருபுறமும் நீர். தவறினால் ஒதுங்க நிலமில்லை. எதிரே துவிச்சக்கர வண்டியில் வருபவர் யார் பெற்ற பிள்ளையோ! கடுங்காயமுற்றவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல நேரும். நெடுந்தீவாயின் முதலிற் கடலைக் கடக்கவேண்டும். அந்நேரம் உயிர் காத்திருக்குமா?

ஆதலின், விருந்துக்குப் புறப்படுமுன்பே குடியாத ஒருவரைச் சாரதியாக வகுத்துக்கொள்க. விருந்தளிப்போர் வெறித்தவரிடமிருந்து திறப்பை வாங்கிவைத்துப் பாய் விரித்துக் கொடுப்பாராக. விடிந்தபின்னும் அவசரப்பட்டு அனுப்பாதிருப்பாராக. அதுவும் விருந்தோம்பலேயாம். ஒரே வாங்கிலிருந்து படித்தவரிடம் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள நாம் தயங்கவேண்டியதில்லை. நண்பர் அன்றிரவு கோபிப்பார், மறுநாள் மறந்துவிடுவார். வீதியிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருநாளும் மறவாள்.