பொறிக்கு உரைக்கும் செய்முறை

அதிரசம் சுடுவது எங்ஙனம் என வினவின், “பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, மறுநாள் தட்டி எண்ணெயில் சுடுக” என ஒரே மூச்சில் விடை கூறுவர் நம் வீட்டு மூதாட்டியர். எத்துணை அரிசி, எத்துணைப் பொழுது ஊறல் என்பவற்றைக் கேட்போர் பார்த்துப் பழகிய பழக்கத்தால் நிரப்பிக்கொள்வர். கணிப்பொறிக்கோ அடுப்பங்கரைப் பழக்கம் இல்லை. இந்நாளைய பொறிகள் உரைநடையை ஓரளவு பகுத்துணரும் என்பது உண்மையே. எனினும் ஊகத்தால் உணர்வது பிழைபடுதலும் உண்டு.

இக்குறை நீங்கும்பொருட்டு, கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய நிறுவனங்கள் 2011 ஆம் ஆண்டில் ‘ஸ்கீமா.ஆர்க்’ என்னும் பொதுச் சொற்றொகுதியை வெளியிட்டன. அதன்படி, இணையத்தில் செய்முறை எழுதுவோர், வேண்டும் பொருள், கருவி, செயற்படிகள், ஆகும் காலம், கிடைக்கும் அளவு ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் இட்டு வைப்பர். படிப்போர் கண்ணுக்கு அப்பெயர்கள் புலனாகா; பொறி அவற்றை அறியும். அறிந்தமையால், கண்ணொளி இழந்தார்க்கும் கையெல்லாம் மாவாக நிற்பார்க்கும் ஒவ்வொரு படியாகப் படித்துக் காட்டுதல் அதற்கு எளிதாகும்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இப்பகுப்புப் புதிதன்று. தொழில் ஒன்று நிகழ்தற்கு வேண்டுவன எட்டு எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எண்ணிக் காட்டினார். வினை, செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. முன்பின் முறையையோ, ‘ஊறவைத்து, உலர்த்தி, இடித்து’ என வரும் வினையெச்சங்களே உணர்த்திவிடுகின்றன. ஆயினும் பேச்சில் இவ்வெட்டும் வெளிப்பட நில்லா. உருபு தொக்கும், எழுவாய் மறைந்தும் வரும். பொறிக்கு எழுதுங்கால் தொக்கன யாவற்றையும் விரித்தே எழுதுதல் வேண்டும். சொற்சுருக்கத்தை அழகெனப் போற்றும் நமக்கு இது சற்றே கசப்பான வேலைதான்!

விரித்தற்கு மிக அரியது பாகின் பதம். பதம் இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோம். முற்றினால் கல்லாய் இறுகும். ‘பத்து நிமிடம் காய்ச்சுக’ என்பதும் பயன்படாது; வெல்லமும் அடுப்பும் எங்கும் ஒருதன்மையன அல்ல. கிண்ணத்து நீரில் ஒரு துளி பாகை விட்டுத் திரட்டினால், கரையாமல் மெல்லிய உருண்டையாதல் வேண்டும். மூதாட்டியர் இதனைக் கூறாது விடுவது மறதியால் அன்று. விரல் அறிந்ததை நாவால் சொல்லும் தேவை அவர்க்கு நேர்ந்ததில்லை. கேட்டறிந்து எழுதினும் ஓர் இடர் எஞ்சுகிறது. அச்சொற்றொகுதியில் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். ‘திரளாவிடின் மீண்டும் காய்ச்சுக’ என்பதற்குத் தனிப்பெயர் அங்கு இல்லை. ஆதலின் அதிரசத்தின் உயிரான அச்சோதனை, படி ஒன்றன் உள்ளே வெறும் வாக்கியமாகவே நிற்கிறது.