ஆய்வுப் பிரச்சினையும் எல்லை வகுத்தலும்: ஊவாத் தோட்டப் பாடல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆய்வுப் பொருளைத் தெரிவது வேறு. ஆய்வுப் பிரச்சினையை வரையறுப்பது வேறு. இவ்வேறுபாடு நமது பல்கலைக்கழகத் தமிழாய்வுகளில் போதிய அழுத்தம் பெறுவதில்லை. 'ஊவாத் தோட்டத் தொழிலாளர் பாடல்கள்' என்பது ஒரு பொருள். தன்னளவில் அது எவ்வினாவையும் எழுப்புவதில்லை. பாடல்களைத் திரட்டித் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, தொழிற்பாடல் எனப் பாகுபடுத்துவதோடு நின்றுவிடின் பட்டியல் கிடைக்குமேயன்றி விளக்கம் கிடைக்காது. நாம் அறிந்த இரு உண்மைகள் ஒன்றோடொன்று இசையாது நிற்கும் இடத்திலேயே பொருள் பிரச்சினையாகிறது.

ஊவாவில் அத்தகைய இடமொன்று உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோரின் அரிய முயற்சியால் தொகுக்கப்பெற்ற மலைநாட்டுப் பாடல்கள், கடல் கடந்து வந்த துயரையும் கங்காணியின் கொடுமையையும் பேசும் புலம்பல்களாகவே பெரிதும் அறிமுகமாகியுள்ளன. இது முதலாவது உண்மை. இரண்டாவது, 1940ஆம் ஆண்டின் வரலாறு. அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து, லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில், வேலைநிறுத்தங்கள் ஊவாவெங்கும் பரவின. மே மாதத்தில் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு பேரவையைத் தேர்ந்தெடுத்தனர். அதனைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை உடன்பட நேர்ந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களும் பறிக்கப்பட்டன. ஈற்றில் இவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டதாயினும் அதன் முக்கியத்துவம் குறையவில்லை.

இத்தகைய அனுபவம் வாய்க்கப்பெற்ற மக்களின் பாடலில் அவ்வனுபவம் எவ்விடத்தைப் பெற்றது? அது பாடப்படவில்லையா? பாடப்பட்டும் பதியப்படவில்லையா? அன்றி, பதிவாகியிருந்தும் 'நாட்டார் பாடல்' என்னும் வகையினுள் நாம் அதனைச் சேர்க்கவில்லையா? இவ்வினாக்களே நமது பிரச்சினை.

பிரச்சினை தெளிவுற்றதும் எல்லைகள் அதற்கேற்ப வகுக்கப்படல் வேண்டும். முதலாவது வகையெல்லை. வாய்மொழிப் பாடல் மாத்திரமே ஆய்வுக்குரியது எனக் கொள்வோமாயின், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை 1940இல் அச்சிட்டு வெளியிட்ட பாடல்கள் தாமாகவே விலகிவிடும். ஆயின் அவை தொழிலாளர் கூட்டங்களிற் பாடுவதற்கென்றே இயற்றப்பட்டவை. அச்சுக்கும் வாய்மொழிக்கும் இடையே நாம் இடும் கோடு, போராட்டப் பாடல்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு, பின்னர் 'தோட்டத்து மக்கள் புலம்பினரேயன்றிப் போராடிப் பாடவில்லை' என்ற முடிவை நமக்கு அளிக்கிறது. இங்கு முடிவு ஆய்விலிருந்து பிறந்ததன்று, எல்லையிலிருந்தே பிறந்தது.

இரண்டாவது இடவெல்லை. ஊவா மாகாணம் 1886இல் குடியேற்ற ஆட்சியினர் நிருவாக வசதிக்காக வகுத்தது. அதனையே பண்பாட்டெல்லையாகக் கொள்ளல் பொருந்தாது. களஆய்வை நாம் பெரகலச் சந்தியிலிருந்து தொடங்குவது தக்கதெனக் கருதுகிறோம். இரத்தினபுரியூடாக வரும் கொழும்புப் பாதை இங்குதான் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைத் தோட்டங்களை நோக்கிச் செல்கிறது. மற்றையது கொஸ்லாந்தையைக் கடந்து வெல்லவாய்க்கு இறங்குகிறது. எனினும் பாடல் வழங்கிய சமூகம் இப்பாதைகளோடு நின்றுவிடவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோர் எனக் கணக்கிட்டது. அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் குடியேறினர். ஊவாவின் பாடலைத் தேடுவோர் ஊவாவுக்கு வெளியேயும் செல்ல வேண்டியுள்ளது. மறுபுறத்தில், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, உயிர்களோடு ஒரு குடியிருப்பின் நினைவும் புதையுண்டது. தாமதிக்கும் ஆய்வாளன் இதனை மனங்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காலவெல்லை. 1940இல் தொடங்கி 1964இல் முடிப்பது, மேற்கூறிய காரணங்களால் நியாயமுடையது. ஆனால் 1940இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று நூறு வயதைக் கடந்திருப்பர். ஆகவே நாம் பெறக்கூடியது பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வைத்த பாடலேயாம். அதனை நேரடிச் சான்றாகக் கொள்ளாது, நினைவின் சான்றாகவே கொள்ளல் வேண்டும். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) முதலான நாவல்கள் தனியாய்வை வேண்டுவன. அவற்றை இங்கு விலக்குகிறோம். விலக்குவது குற்றமன்று, காரணங் கூறாது விலக்குவதே குற்றம்.

இறுதியாக நம்மை நோக்கியும் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. புலம்பலை மட்டும் தேடினோரைக் குறைகூறும் நாம், போராட்டத்தை மட்டும் தேடுவோமாயின் அதே தவற்றை மறுதலையாகச் செய்தோராவோம். வர்க்க உணர்வு கோஷமாக மட்டும் வெளிப்படுவதன்று. ஒப்பாரியினுள்ளும் குற்றச்சாட்டு ஒலிக்கலாம். வேவெஸ்ஸவின் நினைவு பாடல்களில் அறவே இல்லை என்பதே முடிவாயின், அம்முடிவையும் ஏற்று, அவ்வின்மைக்கான சமூகக் காரணங்களைத் தேடவேண்டும். தனது எதிர்பார்ப்புக்கு மாறான விடைக்கும் இடமளிக்கும் வகையில் வினாவை அமைத்துக்கொள்வதே ஆய்வாளனின் முதற்கடமையாகும்.