நெல்லில் புது ரகம் கண்டெடுத்தலும் அதனைப் பதிவு செய்தலும்

நெல் வயலைத் தூரத்திலிருந்து நோக்குவோர்க்குப் பயிர் முழுவதும் ஒரே சீராகவே தோன்றும். கதிர் பழுக்கும் தருணத்தில் வயலினுள் இறங்கி ஒவ்வொரு தூராக உற்று நோக்குபவர்க்கோ உண்மை வேறாகத் தெரியும். ஒரு தூர் மற்றவற்றினும் நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கும். மற்றொன்று பல நாட்கள் முந்திப் பூத்திருக்கும். வேறொன்றின் மணி சன்னமாயிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை களத்திலோ சாக்கிலோ கலந்துவிட்ட வேற்று நெல்லேயன்றி வேறல்ல. எனினும், மிக அபூர்வமாக ஒரு செடி முன்பு எவ்விடத்திலும் இல்லாத புது இனமாக அமைவதுண்டு. அதனைக் கண்டறிந்து காப்பாற்றுபவர் இல்லாவிடில், அது அறுவடையின்போது மற்ற நெல்லோடு அம்பாரத்தில் சேர்ந்து மறைந்தே போகும்.

கோயம்புத்தூரில் 1912-ஆம் வருஷத்தில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது. சர்க்கார் பொருளாதாரத் தாவர சாஸ்திரியாக இருந்த எப். ஆர். பார்னெல் என்பவர் அங்கு நெற்பயிரின் லக்ஷணங்களை ஆராய்ந்து வந்தார். கோணமணி என்னும் பழைய ரகத்தினிடையே தானாகவே மாறித் தோன்றிய ஓர் இனம் அப்பண்ணையில் பிரித்தெடுக்கப்பட்டு, 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற பெயரால் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டது. அம்மூன்று எழுத்துக்களும் மேற்படி உத்தியோகத்தின் ஆங்கிலப் பெயரைக் குறிப்பனவே. கிச்சிலிச் சம்பா என்று ஜனங்கள் விரும்பி உண்ட சன்ன அரிசி இதுவே. பிற்காலத்தில் இதனைக் கோ 18 என்னும் ரகத்துடன் ஒட்டுச் சேர்த்து டி.கே.எம். 6 உண்டாக்கப்பட்டது. அந்த டி.கே.எம். 6, தண்டுப்புழுவை ஓரளவு தாங்கும் குணத்தைத் தன் சந்ததியாகிய ஐ.ஆர். 20-க்குக் கொடுத்தது. ஐ.ஆர். 20 பயிரிட்ட எத்தனையோ குடியானவர்கள் கோணமணி என்ற பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பண்ணையும் பட்டமும் உள்ளவர்க்கே இவ்வேலை கைகூடும் என்று எண்ணுதல் தவறு. மஹாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லா நாந்தேட் கிராமத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற குடியானவர் இருந்தார். அவர் சுமார் ஒன்றரை ஏக்கர் நிலமே உடையவர். பள்ளிப் படிப்பும் மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. 1983-இல் படேல் 3 என்ற நெல் விளைந்த தமது வயலில் நிறத்தால் வேறுபட்ட மூன்று கதிர்களைக் கண்டார். அவற்றை வேறாக எடுத்து வைத்து, வருஷந்தோறும் தனியே விதைத்துப் பெருக்கினார். மணி சன்னமாகவும் சோறு ருசியாகவும் இருந்தமையால் அண்டைக் கிராமத்தார் விதை கேட்டு வந்தனர். வியாபாரிகள் அதற்கு அக்காலத்தில் பிரபலமாயிருந்த கைக்கடிகாரத்தின் பெயரை ஒட்டி எச்.எம்.டி. என்று பெயரிட்டு விற்றனர். அந்த நெல் பல ராஜ்யங்களுக்குப் பரவியது. கண்டெடுத்தவருக்கோ அதற்கு ஈடான வருவாய் கிட்டவில்லை. ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் அந்த விதையைப் பெற்றுச் சுத்தி செய்து, சற்றே மாறிய பெயரில் 1998-இல் வெளியிட்டபோது, தம் உழைப்புக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என அவர் முறையிட்டது பத்திரிகைகளில் பிரசித்தமாயிற்று. பின்னர்த் தாம் தேர்ந்த ரகமொன்றுக்குத் தமது பெயரின் முதலெழுத்துக்களையே கொண்டு டி.ஆர்.கே. என்று பெயரிட்டார். 2018-இல் காலமானார். 1983-இல் அவர் சென்று பதிவு செய்துகொள்ளத்தக்க சட்டம் தேசத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அச்சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். 2005-இல் டில்லியில் இதற்கென ஓர் அதிகார ஸ்தாபனம் அமைந்தது. 2007 முதல் விண்ணப்பங்கள் பெறப்பட்டு வருகின்றன. பதிவுக்கு வரும் ரகம் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். மற்ற ரகங்களினின்றும் பிரித்தறியத்தக்க தனி அடையாளம் இருத்தல் ஒன்று. வயல் முழுவதும் ஒரே சீராக இருத்தல் இரண்டு. போகத்துக்குப் போகம் குணம் மாறாமை மூன்று. நெல்லுக்கு இலையுறையின் நிறம், பூக்கும் நாள், மணி முனையில் வால் உண்டா இல்லையா என்பன போன்ற அறுபதுக்கும் மேற்பட்ட லக்ஷணங்கள் பார்க்கப்படுகின்றன. ஆகவே பதிவு என்பது காகித வேலை மாத்திரமன்று; அதன் பெரும்பகுதி வயலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது, செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஏமாற்றம் நேர இடமுண்டு. வரப்போரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் அதிகம். எருக்கும்பி இருந்த இடத்துச் செடிக்கு உணவு அதிகம். பக்கத்தில் நாற்று செத்துப்போன இடத்துச் செடியும் கொழுத்துத் தூர் கட்டும். இவற்றின் சிறப்பு நிலத்தினால் வந்ததேயன்றிப் பிறவியால் வந்ததன்று. விதைத்தால் மறு போகத்திலேயே சாயம் வெளுத்துவிடும். நடுவயலில், சுற்றிலும் செடிகள் சமமாக நெருங்கி நிற்குமிடத்தில் வேறுபட்டு நிற்பதே கவனிக்கத்தக்கது. அதற்கு நிறமுள்ள நூலைக் கட்டி, பழுத்ததும் ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே கொய்து, கையால் உதிர்த்து, காயவைத்து, சீட்டு எழுதித் தனிப் பைகளில் இட வேண்டும். போரடிக்கும் களத்திற்கு அதனைக் கொண்டுபோகவே கூடாது.

மறு போகத்தில் ஒவ்வொரு கதிரின் விதையையும் தனிப் பாத்தியில் நாற்றுவிட்டு, குத்துக்கு ஒரே நாற்றாக வரிசையில் நடுதல் வேண்டும். பக்கத்தில் தாய் ரகத்தையும் ஒரு வரிசை நட்டாலன்றி ஒப்பிட வழியில்லை. நட்டவை யாவும் ஒரே மாதிரி வந்தால் இனம் நிலைத்தது எனக் கொள்ளலாம். நெட்டையும் குட்டையும், சன்னமும் மோட்டாவுமாகப் பிரிந்தால், அச்செடி இயற்கையில் ஒட்டுச் சேர்ந்து பிறந்தது என்பது தெளிவாகும். அதற்காக அதனைக் கைவிட வேண்டியதில்லை; விரும்பிய குணமுள்ளவற்றை மறுபடியும் தனித்தனியே பொறுக்கிப் பல போகங்கள் தொடர வேண்டும். நெல் பெரும்பாலும் தன் பூந்தாதினாலேயே கருத்தரிக்கும் பயிராகையால் இவ்வேலை குடியானவருக்கு எட்டியதாகிறது. சான்று விதைப் பயிருக்கும் மற்ற நெல்லுக்கும் இடையில் 3 மீட்டர் விட்டால் போதும் என்று விதி இருப்பதும் இதனாலேயே. கம்பிலும் மக்காச்சோளத்திலும் இது நடவாது. அவை அயல் மகரந்தத்தை ஏற்பவை.

கலவன் பிடுங்குவதில் மனம் இளகுதல் ஆகாது. முந்திய போகத்தில் உதிர்ந்து தானே முளைத்த நெல் நாற்றுக்களோடு சேர்ந்து வளர்ந்து, பூக்கும்வரை தன்னைக் காட்டாது. ஆகையால் பூக்கும் சமயத்தில் ஒரு முறையும் பழுக்கும் சமயத்தில் ஒரு முறையும் வயலைச் சுற்றி வர வேண்டும். விதைத்த நாள், நட்ட நாள், பாதிப் பயிர் பூத்த நாள், உயரம், மகசூல், பூச்சி நோய் கண்ட விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே குறித்தல் அவசியம். நினைவிலிருந்து பின்னால் எழுதியது சோதனையில் நில்லாது.

விவசாயிகள் ரகமாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் மாவட்ட விவசாய அதிகாரியோ, பஞ்சாயத்து உயிர்ப்பன்மைக் குழுவோ, விவசாயப் பல்கலைக்கழக ஆராய்ச்சி டைரக்டரோ சான்று அளிக்கலாம். எண்கள் மாத்திரமே கொண்ட பெயர் ஏற்கப்படாது. நெல் போன்ற பயிர்களுக்கு முதலில் 6 வருஷமும், புதுப்பித்தால் மொத்தம் 15 வருஷமும் உரிமை நீடிக்கும். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 வருஷம்.

பிறர் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டால் வழக்கு வருமோ என்னும் அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு இடமில்லாமலும் இல்லை. 2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் ஒரு கம்பெனி, தான் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டதாகக் கூறி, நான்கு குடியானவர்கள் மீது தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. பெருங் கண்டனம் எழவே சில வாரங்களில் வாபஸ் வாங்கிக் கொண்டது. சட்டத்தின் 39-ஆவது பிரிவோ, பதிவான ரகமாயினும் விளைந்ததை விதைக்காக எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக் கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. முத்திரைப் பெயரிட்ட பையில் அடைத்து விதையாக விற்பதொன்றே விலக்கு. விற்றவர் சொன்ன பலனை ரகம் தராவிடில் நஷ்டஈடு கேட்கவும் அதே பிரிவு வழி செய்கிறது.

தேர்ந்தெடுத்த ரகத்தின் விதையை அயலார் கேட்டால் இல்லையென்பது கிராமத்தில் இயலாத காரியம். கொடுப்பதில் தவறும் இல்லை. விவசாயிகள் ரகத்திற்குப் புதுமைச் சோதனை கிடையாது. ஆயினும் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை படி என்பதை மேற்படி நோட்டிலேயே எழுதி வாங்கியவரின் கையொப்பத்தையும் பெற்று வைத்தல் நலம். முதற் கதிர்களில் ஒன்றைச் சீட்டோடு உலர்ந்த புட்டியில் மூடி வைப்பதும் பிற்காலத்தில் அத்தாட்சியாக உதவும்.