மணலில் ஓடும் வண்டிக்கு எவ்வளவு காற்று?

நம்மில் பலர் கொள்முதலுக்காகத் தார்ச்சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்ட வேண்டியவர்கள். கருப்பட்டிக்குத் தேரிக்காடு, கருவாட்டுக்குக் கடற்கரை, உப்புக்கு அளம் என்று சரக்கு இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். விலை பேசுவதிலும் எடை பார்ப்பதிலும் காட்டும் அக்கறையை நாம் வண்டியின் டயரில் காட்டுவதில்லை. அந்த அலட்சியத்துக்கு நான் கொடுத்த விலையையும், அதன்பின் கற்றுக்கொண்டதையும் சக வியாபாரிகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் இருக்கும் செம்மணல் மேடுகளைத்தான் தேரி என்கிறோம். பனை செழித்த பூமி. 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பக்கத்துச் சரக்குதான். பங்குனி முதல் ஆனி வரை கருப்பட்டி காய்ச்சும் காலம். அப்போது மழை இல்லாமல் தேரி மணல் மாவு போல உலர்ந்து கிடக்கும். பாரம் ஏற்றிய வண்டி அதில் இறங்கினால் அச்சு வரை புதையும்.

காற்றைக் குறைத்தால் ஏன் புதைவதில்லை?

வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஒரு சக்கரத்தின் மேல் 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால் டயர் தரையில் பதியும் இடம் ஏறக்குறைய 20 சதுர அங்குலம். காற்றை 20 பவுண்டாகக் குறைத்தால் அது 30 சதுர அங்குலம் ஆகிறது. பாரம் அதேதான், அது பரவும் இடம் ஒன்றரை மடங்கு. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததற்கும், இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் புதைவதற்கும் காரணம் இதுவே.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920களிலும் 30களிலும் சாதாரண ஃபோர்டு கார்களிலேயே லிபியப் பாலைவனத்தைச் சுற்றி வந்தவர். டயரில் காற்றைக் குறைப்பதும், புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போடுவதும் அவருடைய முறைகள். 1940-இல் பாலைவனப் போருக்கென்று அவர் அமைத்த படையும் இவற்றையே கையாண்டது.

எந்த வண்டிக்கு எவ்வளவு?

முதலில் கம்பெனி சொன்ன அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்திலோ, கதவு ஓரத்தில் ஒட்டிய சீட்டிலோ அது இருக்கும். அதிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 30 பவுண்டு டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரைப் பவுண்டு போலக் கூடுதலாகக் காட்டும்.

சாலையில் 30 பவுண்டு வைத்து ஓட்டும் ஜீப் போன்ற வண்டி பாரமில்லாமல் போனால், மணலுக்கு 18 முதல் 20 போதும். 15-க்குக் கீழே போகக் கூடாது. போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் உள்ள டயரானால் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும்.

சரக்கு வண்டிக் கணக்கு வேறு. பாரம் இருக்கும்போது வழக்கமான அளவில் கால் பங்குக்கு மேல் நான் குறைப்பதில்லை. அப்படியும் புதைந்தால் சரக்கில் பாதியை இறக்கி வைப்பேனே தவிர, மேலும் காற்றை இறக்க மாட்டேன். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காற்று குறைந்தால் இரண்டு டயர்களும் பிதுங்கி ஒன்றோடொன்று உரசிச் சூடேறும்.

நான் செய்த தவறு

2009-ஆம் ஆண்டு சித்திரை மாதம். தேரியில் கருப்பட்டி ஏற்ற, டிரைவர் நான்கு டயரிலும் காற்றை இறக்கியிருந்தார். மணலில் வண்டி அருமையாக வந்தது. சாத்தான்குளத்தில் காற்றுப் பிடிக்கும் கடைக்கு முன்னால் நிறுத்தி, “அண்ணாச்சி, பத்து நிமிசம். காத்து நிரப்பிட்டுப் போயிருவோம்” என்றார். திருநெல்வேலியில் சரக்குக்காக ஒரு லாரி காத்து நின்றது. “போற வழியில பாத்துக்கலாம் தம்பி, வண்டிய எடு” என்றேன்.

மணலில் உதவிய அதே காற்றுக் குறைவு தார்ச்சாலையில் எமன். காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. வேகமும் பாரமும் சேர்ந்தால் அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் நூலடுக்கும் ரப்பரும் பிரிந்துவிடும். அரை மணி நேரத்தில் பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். கருப்பட்டி முக்கால்வாசி நொறுங்கித் தூளானது. வண்டியின் இன்சூரன்ஸ் வண்டிக்கு மட்டும்தான். சரக்குக்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்பதும் அன்றுதான் உறைத்தது.

அவர் மூன்று மாதம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. சம்பளமும் வைத்தியச் செலவும் நான் கொடுத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்பதைப் பணத்தால் சரிக்கட்ட முடியவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

மணலில் இறங்கும் முன்பே காற்றைக் குறைக்க வேண்டும். புதைந்த பிறகு அல்ல.

காற்று குறைந்த வண்டியை மணலில் நிதானமாக ஓட்டி, அகலமாகத் திருப்ப வேண்டும். திடீர்ப் பிரேக் கூடாது. நிறுத்துவதென்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும், கிளச்சும் கருகும். சக்கரத்தைச் சுற்றி மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும்.

முள்ளும் கூர்ங்கல்லும் உள்ள இடத்தில் காற்றை மிகவும் குறைக்காதீர்கள். பிதுங்கிய பக்கச்சுவரில் உடைமுள் ஏறினால் ஒட்டுப்போட முடியாது.

தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலை காற்று நிரப்புவது. பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்பு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேஜும் பம்பும் ஜாக்கி, ஸ்டெப்னியைப் போல வண்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவர் “பத்து நிமிடம்” என்று கேட்டால் கொடுங்கள். லாரிக்காரரிடம் ஒரு போன் பேசினால் அவர் காத்திருப்பார். அன்று நான் அதைச் செய்யவில்லை.